ஜெபமும் வேண்டாம், பூஜையும் வேண்டாம்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருக்கிறேன். கிறிஸ்தவக் குடும்பம். பிளஸ் டூ மாணவியர் சிலர் மதிய இடைவேளையில் ஜெபம் செய்ய இடம் கேட்டார்கள். ஆய்வகத்தைத் திறந்துவிட்டேன். இப்போது நானே ஜெபத்தை நடத்துகிறேன். மற்ற பிள்ளைகளும் ஆசையாக வருகிறார்கள். சக ஆசிரியர் ஒருவர், “இது அரசுப் பள்ளி, இதெல்லாம் கூடாது” என்கிறார். ஆனால் ஆயுத பூஜைக்கு இதே ஆய்வகத்தில் பொரி, கடலை வைத்துப் பூஜை போட்டவர் அவர்தான்! அமெரிக்காவில் படிக்கும் என் அக்கா மகள், அங்கே அரசுப் பள்ளியிலேயே பைபிள் மன்றம் இருப்பதாகச் சொல்கிறாள். இங்கே மட்டும் ஏன் கூடாது?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, நீலகிரி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

ஜெபத்தை நீங்கள் நடத்துவதை நாளையே நிறுத்திவிடுங்கள். உங்கள் பக்தியில் குறை கண்டு சொல்லவில்லை. “மற்ற பிள்ளைகளும் ஆசையாக வருகிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

பிளஸ் டூ வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண். அந்தப் பத்தைப் போடுகிறவர் நீங்கள். ஜெபத்துக்கு வராத பெண்ணுக்கு நீங்கள் அரை மதிப்பெண்கூடக் குறைக்க மாட்டீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்? தோழிகள் எல்லோரும் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிவிட்டு ஆய்வகத்துக்குள் போகிறார்கள். இவள் மட்டும் தாழ்வாரத்தில் நிற்கிறாள். நாளைக்கு டீச்சர் முகம் கொடுத்துப் பேசுவாரா என்ற யோசனை வராதா? வீட்டில் சொன்னால், “டீச்சர் மனம் கோணாமல் நடந்துகொள்” என்றுதான் அம்மாவும் சொல்லி அனுப்புவார். அடுத்த நாள் அவளும் உள்ளே வந்து உட்காருவாள். ஆசையாக வந்ததாக நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

அதுவும் நம் மலையில் ஒரு வகுப்பறை எப்படிப்பட்டது! ஹெத்தை அம்மனைக் கும்பிடும் படகர் வீட்டுப் பெண், கம்பட்டராயரைக் கும்பிடும் கோத்தர் வீட்டுப் பெண், இருளர் கிராமத்திலிருந்து நடந்து வருகிறவள், பஜாரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுப் பெண், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து டேன்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவரின் பேத்தி. இவர்களில் பலருக்கு உங்கள் பள்ளியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. பிடிக்கவில்லை என்று டி.சி. வாங்கிக்கொண்டு இன்னொரு பள்ளிக்குப் போக அவர்களிடம் பணமும் கிடையாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மத போதனை கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 28(1) பிரிவு. மிஷன் பள்ளிகளில் காலை ஜெபம் நடக்கிறதே என்பீர்கள். அவை தனியார் அல்லது அரசு உதவி பெறும் பள்ளிகள், அவற்றுக்கு 28(3). அங்கேயும் யாரையும் வழிபாட்டில் உட்காரும்படி கட்டாயப்படுத்த முடியாது. மாணவர் மைனராக இருந்தால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும்.

உங்கள் அக்கா மகள் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி. பாடத்தோடு சேராத மற்ற மன்றங்களுக்கு இடம் தரும் அரசு உயர்நிலைப் பள்ளி, மத மன்றத்துக்கு மட்டும் இடம் மறுக்கக் கூடாது என்று 1984-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு மாணவி கேட்ட கிறிஸ்தவ மன்றத்துக்குப் பள்ளி அனுமதி மறுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990-இல் மாணவி பக்கம் தீர்ப்பாயிற்று. ஆனால் அதே சட்டம் போடும் நிபந்தனைகளைப் பாருங்கள். மன்றத்தைத் தொடங்க வேண்டியவர்கள் மாணவர்கள். பள்ளி அதை ஆதரித்து நடத்தக் கூடாது. ஆசிரியர் கூட இருக்கலாம், வழிபாட்டில் கலந்துகொள்ளக் கூடாது. வெளியார் வந்து நடத்தவோ வழக்கமாக வந்து உட்காரவோ கூடாது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. இருந்தாலும், நீங்கள் இப்போது செய்வதற்கு அதில் இடமில்லை.

இதற்காக அந்தப் பெண்களை விரட்டிவிடாதீர்கள். சாப்பிடும் முன் ஒரு பெண் கண்ணை மூடி ஜெபிப்பதும், நான்கு தோழிகள் மரத்தடியில் சேர்ந்து ஜெபிப்பதும் அவர்கள் விருப்பம். அதைத் தடுக்கிறவர் நடுநிலையாளர் அல்ல. யாரையும் வற்புறுத்தி இழுக்கக் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். நாளை ஒரு முஸ்லிம் மாணவி தொழுகைக்கு ஓரமாக ஒதுங்கினாலும் இதே மரியாதை கிடைக்க வேண்டும். உங்கள் கழுத்துச் சிலுவையைக் கழற்ற வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஜெபம் நடத்தவும் தடையில்லை.

சக ஆசிரியர் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. ஆயுத பூஜை மதச் சடங்கா, ஊர் வழக்கமா என்று எத்தனை நாள் வேண்டுமானாலும் வாதாடலாம். அந்த முஸ்லிம் வீட்டுப் பெண்ணுக்குச் சந்தனம் நீட்டும்போது அவள் கை எவ்வளவு தயங்குகிறது என்று பார்த்தால் போதும். 2024-இல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் பாவ புண்ணியம், மறுபிறவி என்று வெளியார் ஒருவர் சொற்பொழிவு ஆற்றியபோது, பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து நின்று கேள்வி கேட்டார். ஆசிரியர் பணி என்றால் அதுதான். ஆனால் நீங்களே ஜெபம் நடத்திக்கொண்டிருக்கும்வரை உங்கள் கேள்விக்கு மதிப்பிருக்காது.

எனவே முதலில் ஆய்வகக் கூட்டத்தை நிறுத்துங்கள். பிறகு ஆசிரியர் கூட்டத்தில், வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் எந்த மதச் சடங்கையும் ஆசிரியர்கள் நடத்துவதில்லை என்று எல்லோருக்கும் பொதுவாக முடிவெடுக்கச் சொல்லுங்கள். ஆயுத பூஜைக்குத்தான் அரசு விடுமுறை இருக்கிறதே, அவரவர் வீட்டில் கொண்டாடட்டும். வாய்ப்பேச்சோடு விடாமல் தலைமை ஆசிரியரிடம் எழுத்திலும் கொடுங்கள்.