காய்ச்சல் என்று எழுத வேண்டாம்

கேள்வி: என் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வரும் யூன் மாதத்தில் 30 நாள் விடுமுறையில் வருகிறார். திங்கட்கிழமை வந்திறங்கி, மறுநாளே எங்களை ஒரு வானில் கண்டி, நுவரெலியா, அங்கிருந்து யாழ்ப்பாணம் என்று 9 நாட்கள் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகள் தரம் 10, மகன் தரம் 4. பயணத்தில் 7 பாடசாலை நாட்கள் தவறிப்போகும். ‘பள்ளிக்கூடம் மறிக்கக் கூடாது’ என்று மாமி ஒரேயடியாக மறுக்கிறார். 1990இல் இடம்பெயர்ந்து, என் கணவரையும் அவருடைய தம்பியையும் மாதக்கணக்காக அகதி முகாமில் வைத்துக் காத்தவர் அவர். லண்டனில் இருக்கும் அண்ணி, அங்கே இதற்கு அபராதம் கட்ட வேண்டும் என்கிறார். காய்ச்சல் என்று கடிதம் கொடுத்தால் போதும், வேண்டுமென்றால் மருத்துவச் சான்றிதழும் எடுக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மகளோ, தான் வரவில்லை, அப்பம்மாவோடு நிற்கிறேன் என்கிறாள். நான் என்ன செய்வது?
— ஒரு தாய், திருகோணமலை

பதில்:

அன்புச் சகோதரி,

போய் வாருங்கள். ஆனால் இப்போது போட்டிருக்கும் திட்டத்தின்படி வேண்டாம். காய்ச்சல் என்று எழுதிவிட்டும் வேண்டாம்.

ஓகஸ்ட் விடுமுறை வரை பொறுத்திருக்கலாமே என்று வழக்கமாகச் சொல்லும் பதிலை உங்களுக்குச் சொல்ல முடியாது. ஓகஸ்ட் வரும்போது உங்கள் கணவர் கட்டாரில் இருப்பார். இங்கே பயணத்தைவிடப் பெரியது அந்த 30 நாள். இரண்டு ஆண்டுகளாகத் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்த தகப்பனோடு பிள்ளைகள் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து உறங்கி எழும் நாட்களுக்கு ஒரு பெறுமதி உண்டு. 27 ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நான், அதைச் சில பாடசாலை நாட்களுக்கு மேலாகவே மதிக்கிறேன்.

சட்டத்தைப் பற்றிய அச்சத்தை முதலில் தீர்த்துவிடுவோம். உங்கள் அண்ணி சொல்வது இங்கிலாந்தைப் பொறுத்தவரை உண்மைதான். அங்கே 10 பாடசாலை வாரங்களுக்குள் 5 நாட்களுக்குச் சமமான அனுமதியற்ற விடுப்புச் சேர்ந்தால் அபராதம் பற்றி ஆராயப்படும். 2024 ஓகஸ்ட் முதல் அந்தத் தொகை ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்காகவும் 80 பவுண். 21 நாட்களுக்குள் கட்டாவிட்டால் 160 பவுண். பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் உடனே கட்டினாலும் 320 பவுண் ஆகிறது. வைட் தீவைச் சேர்ந்த ஒரு தகப்பன் தவணைக்காலத்தில் மகளை 7 நாட்கள் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாடசாலைக்கு ஒழுங்காக வருவது என்றால் பாடசாலையின் விதிகளின்படி வருவதே என்று 2017 ஏப்ரலில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமது நாட்டில் 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். அந்த விதி பாடசாலைக்கே அனுப்பப்படாத, இடையில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்காக வந்தது. ஒரு வாரக் குடும்பப் பயணத்துக்காகப் பெற்றோரிடம் அபராதம் அறவிடும் நடைமுறை இங்கே இல்லை. உயர்தர வகுப்புக்குப் போன பிறகு 80 சதவீத வரவு வேண்டும் என்ற நிபந்தனை வரும். உங்கள் மகள் இன்னும் அங்கே போகவில்லை.

அபராதம் இல்லை என்பதனால் வரவு இடாப்பில் எதையும் எழுதிவிடலாம் என்று ஆகிவிடாது. பக்கத்து வீட்டு அக்கா நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். இருந்தாலும், நான் படிப்பித்த ஒரு வகுப்பில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். தரம் 5இல் ஒரு பையன் ஆறு நாட்கள் வரவில்லை. காய்ச்சல் என்று கடிதம் வந்திருந்தது. அவன் திரும்பி வந்த வாரத்தில், தற்செயலாக, ‘நான் சென்ற ஒரு பயணம்’ என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். வழக்கமாக இரண்டு பக்கம் நிறைத்து எழுதுகிற அந்தப் பிள்ளை அன்று வெறுந்தாளைத் தந்தான். ஏன் எழுதவில்லை என்று கேட்டபோது கண் கலங்கியது, வாய் திறக்கவில்லை. வீட்டில் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தார்களாம் என்பது பின்னர் தாயாரிடமிருந்து தெரிய வந்தது. அவன் வாழ்க்கையில் முதன்முறையாக மலைநாட்டைப் பார்த்திருந்தான். அதைத் தன் கூட்டாளிகளிடம்கூடச் சொல்ல முடியாமல் ஒரு மாதம் நெஞ்சுக்குள் வைத்திருந்தான். அந்த வெறுந்தாள் இன்றைக்கும் என் மனதை உறுத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. டெங்கு அடிக்கடி தலைகாட்டும் நமது ஊரில், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கடிதம் வந்தால் வகுப்பாசிரியர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. மற்றப் பிள்ளைகளையும் கவனிப்பார், பாடசாலை வளவைப் பார்க்கச் சொல்வார், உங்களுக்குத் தொலைபேசி எடுப்பார். நுவரெலியாவில் நின்றுகொண்டு அந்த அழைப்புக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? பொய்ச் சான்றிதழ் எழுதித் தருமாறு ஒரு மருத்துவரைக் கேட்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இனிப் பயணத் திட்டத்துக்கு வருகிறேன், ஏனெனில் ஏழு நாட்கள் தவறுவதற்கு உண்மையான காரணம் அதில்தான் இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து நேரே யாழ்ப்பாணம் போவதென்றால் ஒரு முழுப் பகல் வானுக்குள்ளேயே கழிந்துவிடும். மலைநாடும் யாழ்ப்பாணமும் நமக்கு இரண்டு வேறு திசைகள். அவற்றை ஒரே பயணத்தில் கோத்ததனால்தான் நாட்கள் நீண்டுவிட்டன. பிரித்துப் பாருங்கள். ஒரு வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் பிற்பகலிலேயே கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கண்டிக்குப் புறப்பட்டு, சனியும் ஞாயிறும் கண்டியிலும் பேராதனைத் தாவரவியல் பூங்காவிலும் கழித்து, திங்களும் செவ்வாயும் நுவரெலியாவில் தங்கி, புதன்கிழமை இருட்டுவதற்கு முன் வீடு வந்து சேருங்கள். தவறுவது 3 பாடசாலை நாட்கள். அந்த வாரத்தின் தொடக்கத்தில் போயா எனும் பௌர்ணமி விடுமுறை வருமானால் இரண்டே. யாழ்ப்பாணத்தை வேறொரு வார இறுதிக்கு ஒதுக்குங்கள். வவுனியா வழியாக ஐந்து மணி நேரப் பயணம்தான். வெள்ளி மாலை போய் ஞாயிறு இரவு திரும்பினால் ஒரு நாள்கூடத் தவறாது.

யூன் மாதத்தில் இங்கே கச்சான் காற்று அனலாக வீசும்போது, மலைநாட்டில் தென்மேற்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும் என்பதையும் கணவரிடம் சொல்லுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. கட்டார் வெயிலில் இருந்து வருகிறவருக்கும் சேர்த்து ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள். புறப்படுவதற்கு முதல் நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் போங்கள். எச்சரிக்கை இருந்தால் கண்டியோடு திரும்பிவிடுங்கள்.

வந்திறங்கிய மறுநாளே புறப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் வாரத்தில், செவ்வாய் முதல் வெள்ளி வரை, அவர் பிள்ளைகளைக் காலையில் பாடசாலை வாசலில் கொண்டுபோய் விடட்டும். பாடசாலை விடும் நேரத்துக்குப் போய் அழைத்து வரட்டும். வெளிநாட்டில் தகப்பன் இருக்கும் பிள்ளைகள் மற்றவர்களுடைய அப்பாமார் வாசலில் நிற்பதை எப்படிப் பார்ப்பார்கள் என்பதை ஆண்டுக்கணக்காகக் கண்டவள் நான். உங்கள் மகனுக்கு நுவரெலியாவைவிட அந்த நான்கு காலைகள் பெரிதாக இருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன்.

விடுமுறைக் கடிதத்தையும் அவரே கையெழுத்திட்டு, அந்த வாரத்திலேயே அதிபரிடமும் வகுப்பாசிரியர்களிடமும் நேரில் கொடுக்கட்டும். நீண்ட கடிதம் தேவையில்லை: ‘வெளிநாட்டில் பணிபுரியும் நான் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் விடுமுறையில் வந்துள்ளேன். குடும்பத்துடன் மலைநாட்டுக்குச் செல்வதால், திங்கள் முதல் புதன் வரை எனது மகன்/மகள் பாடசாலைக்குச் சமுகமளிக்க மாட்டார். தவறும் பாடங்களை ஈடுசெய்வது எங்கள் பொறுப்பு. அந்த நாட்களில் கணிப்பீடு ஏதும் இருந்தால் தயவுசெய்து அறியத் தரவும். பயணத் தேதியை மாற்றிக்கொள்கிறோம்.’ இதில் கடைசி வரி முக்கியமானது. மகளின் வகுப்பில் அந்த நாட்களில் கணிப்பீடோ செய்முறையோ இருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். 30 நாளில் அதற்கு இடம் இருக்கிறது. அதிபர் முகம் சுளித்தால் அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரவு இடாப்பில் மூன்று நாள் வரவில்லை என்று பதியப்படும். அது உண்மை, அப்படியே இருக்கட்டும். பிள்ளைக்கென்று தனியாகப் பயிற்சித்தாள் தயாரித்துத் தருமாறு ஆசிரியரைக் கேட்காதீர்கள், அது அவருடைய வேலையல்ல.

மகனைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லை. புலமைப்பரிசில் பரீட்சை அடுத்த ஆண்டுதான். தரம் 4இல் மூன்று நாள் தவறியதால் எந்தப் பிள்ளையும் அந்தப் பரீட்சையில் பின்தங்கியதை நான் கண்டதில்லை. அவனிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்: ஆண்டு முழுவதும் தவறாமல் வருகிறவர்களுக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் பல பாடசாலைகளில் உண்டு. அந்தப் பரிசின் மீது அவன் கண் வைத்திருந்தால், அதை இழக்கிறோம் என்று தெரிந்து, சம்மதித்து வரட்டும். பரிசளிப்பு விழாவில் அவன் அதை முதன்முதலாக அறியக் கூடாது. பயிற்சிக் கொப்பிகளைப் பயணப் பைக்குள் திணிக்கவும் வேண்டாம்.

மகளுடைய நிலை வேறு. தரம் 10உம் தரம் 11உம் சேர்ந்ததுதான் சாதாரண தரப் பரீட்சையின் பாடத்திட்டம், ஆகவே அவளுடைய கவலை பொய்க் கவலையல்ல. வரலாற்றிலோ சமயத்திலோ மூன்று நாள் தவறினால் புத்தகத்தை வாசித்து எட்டிப் பிடித்துவிடலாம். கணிதத்தில் அப்படியில்லை, இருபடிச் சமன்பாடு தொடங்குகிற நாளில் இல்லாத பிள்ளை, அடுத்த இரண்டு வாரமும் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு மட்டும் இருப்பாள். கூட்டாளியின் கொப்பியை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்து எழுதுவதும் அதே கதைதான்: கொப்பி நிறையும், விளங்காது. ஆகவே போவதற்கு முன் கணித ஆசிரியரிடம் அந்த மூன்று நாளில் எந்த அலகு நடக்கும் என்று அவளே கேட்கட்டும். பாடப்புத்தகத்தில் அந்த அலகின் உதாரணங்களை முன்கூட்டியே செய்து பார்க்கட்டும். விளங்காத இடத்தைத் திரும்பி வந்து வியாழக்கிழமை கேட்கட்டும். மூன்று நாளுக்கு இது நடைமுறைக்குச் சரிவரும். ஏழு நாளுக்குச் சரிவராது.

ஆனால் அவள் வரவில்லை என்று சொல்வதற்குப் படிப்பு மட்டுமே காரணமா? அதை நீங்கள் தனியே, அமைதியாகக் கேட்டறிய வேண்டும். பதின்மூன்று வயதில் வழியனுப்பிய தகப்பனைப் பதினைந்து வயதில் திரும்பக் காணும் பெண்பிள்ளைக்கு ஒரு கூச்சம் இருக்கும். அவருக்குத் தன்னுடைய மாற்றங்கள் தெரியாது என்று நினைக்கலாம். தன்னைக் கேளாமல் திட்டம் போட்டுவிட்டார்கள் என்ற மனத்தாங்கலும் இருக்கலாம். புதிய திட்டத்தை அவள் கையில் கொடுத்து, எந்த வாரம் போகலாம் என்று அவளையே தெரிவு செய்யச் சொல்லுங்கள். முதல் வாரம் வீட்டில் கழிவது இதற்கும் உதவும். அவளை அப்பம்மாவோடு விட்டுவிட்டு நீங்கள் மூவரும் போவதை மட்டும் செய்யாதீர்கள். பின்னாளில் அந்தப் புகைப்படங்களில் தான் இல்லை என்பதை அவள் மறக்க மாட்டாள்.

மாமியின் மறுப்பைப் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். பிள்ளைகள் முகாமில் இருந்த மாதங்களில், பாடசாலைக்குப் போகும் ஒரு சாதாரணக் காலை எத்தனை அரிது என்பதைக் கண்ணால் கண்டவர் அவர். அவர் காக்க நினைப்பது அதைத்தான். உங்கள் கணவரே அவர் பக்கத்தில் அமர்ந்து, ஏழு நாள் மூன்றாகிவிட்டது என்பதையும், அதிபருக்கு உண்மையைச் சொல்லியே போகிறோம் என்பதையும் எடுத்துச் சொல்லட்டும். யாழ்ப்பாணப் பயணத்துக்கு அவரையும் அழையுங்கள். ஞாயிறு காலையில் நல்லூரில் கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம். முழங்கால் இடங்கொடுத்தால் சனிக்கிழமையே குறிகாட்டுவானிலிருந்து படகேறி நயினாதீவு அம்மனையும் தரிசித்து வரலாம். அந்தப் பயணத்தில் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை நாளும் தவறாது என்பதால், மறுப்பதற்கு அவரிடம் காரணம் எதுவும் இருக்காது.