கடுகளவு கறை, பன்னிரண்டு நாள் கணக்கு

கேள்வி: வடக்கு லண்டனில் குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். ஸ்டாம்ஃபோர்டு ஹில்லிலிருந்து வரும் யூதப் பெண் ஒருவர் கருத்தடை மாத்திரை தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. அவ்வப்போது லேசாகக் கறை படுகிறதாம். “மூன்று மாதத்தில் தானாக நின்றுவிடும்” என்றேன். அழுதுவிட்டார். நான் தவறாக ஏதும் சொல்லிவிட்டேனா?

பதில்: மருத்துவப்படி தவறில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தை அவர் வேறு கணக்கில் எண்ணுகிறார்.

மரபு வழுவாத யூத வீடுகளில் மாதவிலக்கான பெண் ‘நித்தா’. பைபிளின் லேவியராகமம் 15-ஆம் அதிகாரத்தில் வேர்கொண்ட சட்டம் இது. நம்மூர்த் தீட்டு மாதிரி நினைத்துவிடாதீர்கள். அவர் சமைக்கலாம், ஜெபிக்கலாம், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம். விலகல் கணவனுக்கும் மனைவிக்கும் இடையில்தான். படுக்கை தனி, ஒருவரையொருவர் தொடக்கூடாது. கைக்குக் கை பொருள் கொடுப்பதைக்கூடத் தவிர்ப்பார்கள்.

ஐரோப்பிய யூதர்களின் வழக்கப்படி ரத்தம் தொடங்கியதிலிருந்து குறைந்தது ஐந்து நாள் கழிய வேண்டும். ரத்தம் நின்றதை வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்துப் பார்த்து உறுதி செய்தபின் ஏழு ‘சுத்த நாட்கள்’. ஏழும் முடிந்த இரவில் ‘மிக்வே’ குளத்தில் மூழ்கி எழுந்தால்தான் கணவனை நெருங்கலாம். ஆக, குறைந்தது பன்னிரண்டு நாள். சுத்த நாட்களில் ஆறாம் நாள் துணியில் சிவப்பு தெரிந்தால் ஏழும் முதலிலிருந்து. கடுகளவு ரத்தத்துக்கும் ஏழு நாள் காத்திருக்கும் கண்டிப்பைப் பெண்களே ஏற்றுக்கொண்டார்கள் என்கிறது யூதச் சட்ட நூலான தல்மூத். நீங்கள் சொன்ன மூன்று மாதம் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்?

எல்லாக் கறையும் நித்தா ஆக்கிவிடாது என்பதுதான் ஆறுதல். உடுப்பில் தற்செயலாகக் கண்ட கறைக்குச் சட்டம் இளகும். 19-20 மில்லிமீட்டர் குறுக்களவைத் தாண்டாவிட்டால், அல்லது நிறத்துணியில் பட்டிருந்தால், பொதுவாக அது கணக்கில் வராது. அதனால் சுத்த நாட்கள் தவிர மற்ற நாட்களில் பலர் கறுப்பு உள்ளாடைதான் போடுவார்கள். வெளிர்பழுப்பைப் பல ரபிமார் (யூத மதகுருக்கள்) விட்டுவிடுவார்கள். உள்ளே துடைத்த துணியில் பட்டது மட்டும் எவ்வளவு சிறிதானாலும் கணக்குதான். ஆனால் தீர்ப்பு ரபியுடையது. “இது ஒன்றுமில்லை, போங்கள்” என்று நீங்களோ நானோ சொல்லக்கூடாது. ஆணிடம் சொல்லக் கூச்சப்படுவோருக்கு, இந்தச் சட்டத்தில் தேர்ந்த பெண் ஆலோசகர்கள் ‘யோவெத்செத் ஹலாகா’ என்ற பெயரில் இருக்கிறார்கள். எருசலேமின் நிஷ்மத் நிறுவனம் 1999 முதல் அவர்களை உருவாக்கி அனுப்புகிறது. ஆனால் மிகக் கண்டிப்பான மரபுவாதிகளான ஹரேதி வட்டாரங்களில் எல்லோரும் இவர்களை ஏற்பதில்லை.

இனி நம் வேலை. மாத்திரை தவறியதா, நேரம் மாறியதா, வாந்தி வந்ததா, கார்பமஸெபைன் போன்ற வலிப்பு மருந்து உண்டா என்று கேளுங்கள். கர்ப்பப் பரிசோதனை, கிளமிடியா என்ற பாலுறவுத் தொற்றுக்கான பரிசோதனை, கருப்பை வாயை ஒரு பார்வை. அங்கே புண்ணோ தொட்டால் கசியும் இடமோ இருந்தால் தெளிவாக எழுதிக் கொடுங்கள். காயத்து ரத்தம் கருப்பை ரத்தம் அல்ல, நித்தா ஆக்காது. அந்த இரண்டு வரி ரபியின் முடிவையே மாற்றலாம்.

எல்லாம் சரியென்றால், 20 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையிலிருந்து 30-க்கு மாற்றினால் கசிவு குறைய வாய்ப்புண்டு. ஒளித்தெறிப்போடு வரும் ஒற்றைத் தலைவலி, ரத்தக்கட்டி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனே கூடாது. புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள மாத்திரையையும் கைத்தோலுக்கடியில் வைக்கும் குச்சியையும் (இம்பிளான்ட்) இவருக்கு முதல் தேர்வாக நான் எழுதமாட்டேன். எப்போது கசியும் என்றே சொல்லமுடியாது. கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் கருவி (coil) வேறு கதை: முதல் மூன்று முதல் ஆறு மாதம் படுத்தும், பிறகு பலருக்கு மாதவிலக்கே நின்றுபோகும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், எப்போது போட்டுக்கொள்வது என்பதைத் தம்பதியே பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த முறை வரும்போது “எவ்வளவு ரத்தம்?” என்பதோடு, “சுத்த நாட்களில் எத்தனையாவது நாள்?” என்றும் கேட்டுப் பாருங்கள்.