கணினிக் கேள்வி – பதில்: வாங்கிப் போட்ட டொமைனில் ஒரு பக்கத் தளம்

கேள்வி: மிளகாய் வற்றல் மண்டியில் நெடுங்காலம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். தள்ளுபடி அறிவிப்பைப் பார்த்து, வற்றல், மல்லி, எண்ணெய் என்று தொழில் சார்ந்த ஏழு டாட் காம் பெயர்களை வாங்கிப் போட்டேன். அவற்றைத் திறந்தால் யார் யாருடைய விளம்பரங்களோ தெரிகின்றன. நிரல் எழுதத் தெரியாத நான் அவற்றில் எளிய இணையதளங்களை அமைக்க முடியுமா? — வாசகர், விருதுநகர்

பதில்: முடியும். ஆனால் ஏழிலும் அமைக்க முற்படாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

பெயரைப் பதிவு செய்த நீங்கள், அந்தப் பெயரைத் தேடி வருகிறவரை எந்தக் கணினிக்கு அனுப்ப வேண்டும் என்று இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லும்வரை, பெயரை உங்களுக்கு விற்ற பதிவாளர் நிறுவனம் வருகிறவர்களைத் தன்னுடைய கணினிக்குத் திருப்பி, அங்கே ஒரு விளம்பரப் பக்கத்தைக் காட்டுகிறது. இதைத்தான் டொமைன் பார்க்கிங் என்கிறார்கள். அந்த விளம்பரங்களால் ஏதேனும் கிடைத்தாலும் அது பெரும்பாலும் நிறுவனத்துக்கே போகும். முகவரிப் பட்டையில் பெயரை நேரடியாகத் தட்டச்சு செய்து பார்க்கும் பழக்கம் மக்களிடம் இருந்த காலத்தில் வெறும் பார்க்கிங் பக்கங்களாலேயே சம்பாதித்தவர்கள் உண்டு. கூகுள் 2011 டிசம்பரில் இத்தகைய பக்கங்களை அடையாளம் கண்டு தேடல் முடிவுகளில் காட்டாமல் தவிர்க்கும் முறையை அறிவித்தது. பார்க் செய்த டொமைன்களுக்கென்றே அவற்றின் சொந்தக்காரர்களிடம் நேரடியாக நடத்திவந்த விளம்பரத் திட்டத்தையும் 2012இல் மூடியது. ஆகவே பெயர் சும்மா கிடந்தாலும் நாலு காசு தரும் என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம்.

மாறாக, சும்மா கிடக்கும் பெயர் காசைத் தின்னும். டாட் காம் பெயருக்குப் பதிவாளர் நிறுவனம் கட்ட வேண்டிய மொத்த விற்பனை விலையே 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 10.26 டாலர். முதல் ஆண்டுக்கு நூறு, இருநூறு ரூபாய் என்று தருகிறார்கள் என்றால், மீதியை நிறுவனம் தன் கையிலிருந்து போட்டு உங்களைப் பிடிக்கிறது என்றே பொருள். புதுப்பிக்கும்போது முழு விலையும், அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து வரும். ஏழு பெயர்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏழாயிரம் ரூபாய்க்குக் குறையாது. ஒரு பெயரை, மிஞ்சினால் இரண்டை, வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குத் தானியங்கிப் புதுப்பித்தலை இன்றே நிறுத்திவிடுங்கள்.

எந்தப் பெயரை வைத்துக்கொள்வது? அடுத்தவரைக் கேட்காமல் பத்துப் பக்கம் எழுதக்கூடிய பொருள் எதுவோ, அதற்குரிய பெயரை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது வற்றலாகத்தான் இருக்க வேண்டும். குண்டு வற்றலையும் சம்பா வற்றலையும் கையில் எடுத்த மாத்திரத்தில் எப்படிப் பிரித்தறிகிறீர்கள், ஈரம் மிகுந்த சரக்கு ஒடிக்கும்போது எப்படி வளைந்து கொடுக்கும், மண்டியில் சாக்கு எடையும் தரகும் எவ்வாறு கழிக்கப்படுகின்றன, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் மற்ற வகைகளிலிருந்து எதில் வேறுபடுகிறது என்பனவற்றை உங்களைப் போன்றவர்கள் எழுதினால்தான் உண்டு. இவற்றை எழுதி முடித்த பிறகு தளம் அமைக்க உட்காருங்கள். புதியவர்களில் பலர் வண்ணத்தையும் வடிவமைப்பையும் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு மாதத்தைக் கழித்துவிட்டு, எழுத ஒன்றுமில்லாமல் மீண்டும் பார்க்கிங் பக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

ஒரு பக்கத் தளத்துக்கு வேர்டுபிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருள் தேவையில்லை என்பது என் கருத்து. அதன் பின்னணியிலுள்ள தரவுத்தளத்தையும் செருகுநிரல்களையும் ஓயாமல் இற்றைப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கணினியில் உள்ள நோட்பேடிலேயே ஒரு எச்.டி.எம்.எல். கோப்பை எழுதிவிடலாம். தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒரு குறி, படத்துக்கு ஒரு குறி, இணைப்புக்கு ஒரு குறி என்று நான்கைந்து குறிகளை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம். தமிழில் எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு: கோப்பின் தலைப்பகுதியில் எழுத்துக் குறியாக்கம் யு.டி.எஃப்-8 என்று அறிவிக்கும் வரி இருக்க வேண்டும். கோப்பைச் சேமிக்கும்போதும் அதே குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் பிசகினால் உங்கள் தமிழ் முழுவதும் பொருளற்ற குறிகளாகச் சிதறித் தெரியக்கூடும். இந்தக் குறியாக்கத்தில் ‘தமிழ்’ என்ற ஒரு சொல் 15 பைட்டுகளைப் பிடிக்கும் என்றாலும், ஆயிரம் சொற்கள் கொண்ட கட்டுரை முப்பது கிலோபைட் அளவில் முடிந்துவிடும். கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு வற்றல் படம் அதைப் போல நூறு மடங்கு எடையுடன் வந்து உட்காரும்; படங்களைச் சுருக்கிய பிறகே ஏற்றுங்கள்.

கோப்பை வைப்பதற்கு இடம் வேண்டுமே என்றால், கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவசச் சேவைகள் போதும். அங்கே ஒரு தளம் ஒரு கிகாபைட் வரை இருக்கலாம். தகவல் பக்கங்களுக்கு அது பொருந்தும். வற்றலை இணையத்திலேயே விற்கும் கடை நடத்த விதிகள் இடம் தராது. கோப்பை ஏற்றி, அமைப்புகள் பகுதியில் உங்கள் டொமைன் பெயரைக் குறித்துவிட்டுப் பதிவாளரின் தளத்துக்கு வாருங்கள். அங்கே டி.என்.எஸ். என்ற பகுதியில், ‘ஏ’ என்ற வகையில் ஒரு வரி ஏற்கெனவே இருக்கும். அதுதான் பார்க்கிங் பக்கத்துக்கு வழிகாட்டும் வரி. அதை நீக்கிவிட்டு 185.199.108.153 என்பதில் தொடங்கி, மூன்றாவது எண் மட்டும் 109, 110, 111 என்று மாறும் நான்கு முகவரிகளைச் சேர்க்க வேண்டும். பழைய வரியை நீக்க மறந்தால் தளம் ஒரு சமயம் தெரியும், மறு சமயம் விளம்பரப் பக்கம் தெரியும்; காரணம் புரியாமல் நாள் கணக்கில் திண்டாட நேரும். மாற்றம் எல்லோருக்கும் போய்ச்சேரச் சில மணி நேரம் ஆகலாம். பூட்டுக் குறியுடன் கூடிய பாதுகாப்புச் சான்றிதழும் இலவசமாகவே கிடைக்கும்.

இன்னொன்று: டி.என்.எஸ். வரிகளை மட்டும் மாற்றுங்கள், அந்த வரிகள் அனைத்தையும் வைத்திருக்கும் கணினியான நேம் சர்வரையே மாற்றிவிடாதீர்கள். நான் ஒருமுறை அவசரத்தில் அதை மாற்றி, அந்தப் பெயரில் இயங்கிய மின்னஞ்சலுக்கான வரிகளையும் சேர்த்துத் தொலைத்துவிட்டு, இரண்டு நாள் கடிதமே வரவில்லையே என்று சும்மா இருந்தேன்.

கேள்வி: தளத்தின் கோப்புகளை வைக்க ஹோஸ்டிங் இடம் வாங்கியிருக்கிறேன். அதை நிர்வகிக்கும் சி-பேனல் பக்கத்தில் என் இரண்டாவது பெயரை ‘பார்க்டு டொமைன்’ என்று சேர்த்தேன். இப்போது இரண்டு பெயர்களிலும் ஒரே தளம்தான் தெரிகிறது. ஏன்? — வாசகி, சேலம்

பதில்: ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் வந்த குழப்பம் இது. பதிவாளரிடம் பார்க்கிங் என்றால் தளமில்லாமல் நிறுத்தி வைத்த பெயர். பழைய சி-பேனலில் அதுவே முதன்மைத் தளத்துக்கு இன்னொரு வாசல் என்று பொருள்படும். தனித்தளம் வேண்டுமானால் ‘ஆட்-ஆன் டொமைன்’ என்று சேர்க்க வேண்டும். அப்போது அதற்கென்று தனிக் கோப்புறை உருவாகும். புதிய பதிப்புகளில் டொமைன் சேர்க்கும் இடத்தில், முதன்மைத் தளத்தின் கோப்புறையைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேட்கும் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட்டால் போதும்.

கேள்வி: தமிழ் எழுத்திலேயே டொமைன் பெயர் வைத்துக்கொள்ளலாமா? — வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வைத்துக்கொள்ளலாம். உங்கள் நாட்டுக்கு ‘.இலங்கை’ என்ற முடிவே இருக்கிறது, ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ ஆகியவையும் தமிழ் எழுத்தில் உள்ளன. உள்ளுக்குள் இந்தப் பெயர்கள் பியூனிகோடு என்ற முறையில் ரோமன் எழுத்துகளின் நீண்ட கோவையாக மாற்றப்படுகின்றன. புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் அந்த வடிவில் 63 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்பதால் பெயரைச் சுருக்கமாக வையுங்கள். சில செயலிகளில் பெயரை ஒட்டி அனுப்பும்போது அந்தக் கோவையே வெளியில் தெரிந்து, பெறுகிறவர் ஏதோ மோசடி இணைப்பு என்று அஞ்சுவதும் உண்டு. அதனால் ரோமன் எழுத்தில் இன்னொரு பெயரையும் வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே தளத்துக்குத் திருப்புங்கள். மேலே சேலம் வாசகி தவறுதலாகச் செய்தது இங்கே சரியான வழியாகிவிடுகிறது.

கேள்வி: காலாவதியான பழைய பெயர்களை வாங்கி, செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரைகளால் நிரப்பினால் கூகுளில் உடனே முன்னுக்கு வரலாம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். முயலலாமா? — மாணவர், மதுரை

பதில்: வேண்டாம். பழைய பெயருக்கு இருந்த மதிப்பை வைத்துத் தேடல் வரிசையில் ஏறுவதற்காக அதை வாங்கிப் பயனற்ற உள்ளடக்கத்தை நிரப்புவதையும், கட்டுரைகளை மொத்தமாக உற்பத்தி செய்து குவிப்பதையும் 2024 மார்ச்சில் கூகுள் தன் குப்பைத்தடுப்பு விதிகளில் பெயர் குறிப்பிட்டே சேர்த்துவிட்டது. பழைய பெயர் உங்களுக்கு உண்மையாகவே பொருந்தினால் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் பணம் கட்டுமுன் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பெயரை இட்டு, முன்பு அங்கே என்ன இருந்தது என்று ஆண்டு வாரியாகப் பாருங்கள். நடுவில் ஓராண்டு சூதாட்டத் தளமாக இருந்திருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை விட்டுவிட்டு வேறு பெயரைத் தேடுங்கள்.