பச்சைக் களிம்பு பழமைக்குச் சாட்சியா?

கேள்வி: யங்கோன் சீனக் கடைத்தெருவில் ஒரு வியாபாரி, மூன்று கால்களும் இரண்டு காதுகளும் கொண்ட வெண்கலப் பாத்திரமொன்றைக் காட்டினார். உடல் முழுவதும் பச்சைக் களிம்பு. உட்புறத்தில் நான்கு சீன எழுத்துகள். மூவாயிரம் ஆண்டுப் பழைமையான, சீனாவின் ஷாங் மன்னர்கள் காலத்துப் பொருள் என்கிறார். நம்பி வாங்கலாமா? (வாசகர், யங்கோன்)

பதில்: நீங்கள் பார்த்தது முன்னோர் வழிபாட்டில் உணவு படைக்கும் ‘திங்’ என்னும் பாத்திரத்தின் வடிவம். வடிவத்தை வைத்துக் காலம் சொல்ல இயலாது. சோங் மன்னர்கள் காலம் (960–1279) தொட்டே சீனர்கள் இவற்றைப் போற்றி, அவற்றைப் போலவே புதியனவும் வார்த்து வந்திருக்கிறார்கள்.

வார்ப்பு முறையைப் பாருங்கள். ஷாங் காலத்தார் (கி.மு. 1600 அளவில் தொடங்கி கி.மு. 1046 வரை) நம் சுவாமிமலைத் தபதிகளைப் போல மெழுகில் உருச்செய்து வார்க்கவில்லை. களிமண்ணால் மாதிரி செய்து, அதன்மேல் களிமண்ணை அப்பி, அந்த அச்சைப் பல துண்டுகளாக அறுத்தெடுத்துச் சுட்டு, பின்னர் பாத்திரத்தின் உள்வெளிக்கான களிமண் உட்கருவைச் சுற்றி மீண்டும் பொருத்தி, இடைவெளியில் வெண்கலத்தை ஊற்றினார்கள். துண்டுகள் சேர்ந்த இடங்களில் மெல்லிய தழும்பு படியும். பெரும்பாலும் அலங்காரத்தின் பிரிவுகளோடு அது ஒத்துப்போகும். உட்கருவும் அச்சும் ஒட்டிவிடாமல் செருகிய சிறு வெண்கலத் துண்டுகளை எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும்.

எழுத்துகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நிதானமாகப் பாருங்கள். பழைய பாத்திரங்களில் அவை பெரும்பாலும் பாத்திரத்தோடு சேர்த்தே வார்க்கப்பட்டவை. ஆகவே குழியின் அடியிலும் சுவரிலும் சுற்றுப்புறத்தில் உள்ள அதே களிம்பு இருக்க வேண்டும். களிம்பை அறுத்துக்கொண்டு உளித் தடம் தெரிந்தால் எழுத்து பின்னால் வெட்டப்பட்டது. உண்மையான பழம்பாத்திரத்தில் பொய் எழுத்தைப் பொறித்து விலையேற்றியவர்களும் உண்டு என்பதால் இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இயற்கையான களிம்பு அடுக்கடுக்காக வளரும்: பச்சைக்கு அடியில் சிவப்பு, சில இடங்களில் நீலம். சீரான ஒரே பச்சை, பசை கலந்து பூசிய சாயமாக இருக்கலாம். உலோகத்தில் செம்பும் வெள்ளீயமும் காரீயமும் எதிர்பார்க்கத் தக்கவை. துத்தநாகம் கணிசமாக இருந்தால் ஷாங் காலம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, சீனாவின் அன்யாங்கில் 1976இல் கொள்ளை போகாமல் கிடைத்த, ஷாங் மன்னர் வூ திங்கின் மனைவி ஃபூ ஹாவோவின் கல்லறைப் பொருள்களைப் போல நம்பத்தக்கவை வேறு அரிது. அவை தோண்டிய இடம் தெரிந்தவை. உங்கள் வியாபாரியிடம் எப்போது, எவ்வழியாக வந்தது என்பதற்கு ஆவணம் இல்லையென்றால், பொருள் உண்மையானதாக இருந்தாலும் வாங்காதீர்கள். எங்கோ ஒரு கல்லறையை உடைத்து எடுத்ததாக அது இருக்கலாம்.

கேள்வி: தாத்தா விட்டுச்சென்ற சிறிய சீன வெண்கலக் கிண்ணத்தில் மழைக்காலத்தில் வெளிர்பச்சைப் பொடி உதிர்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா? (வாசகி, மோல்மேன்)

பதில்: வேண்டவே வேண்டாம். வெண்கலத்தில் தங்கிய குளோரைடு உப்பு ஈரக்காற்றோடு சேர்ந்து உலோகத்தை அரிப்பதன் அறிகுறி அது. புளியின் அமிலம் பழைய மேற்பரப்பையும் அழித்துவிடும். கழுவாமல், சிலிக்கா ஜெல் இட்ட இறுக்கமான பெட்டியில் வையுங்கள். நீலநிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறியதும் மாற்றிவிடுங்கள். பொடி நிற்கவில்லையெனில் உலோகப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.