குலை ஏற்றிய வண்டியில் பாரத்தின் மையம் எங்கே?

கேள்வி: குலசேகரத்திலிருந்து குட்டியானையில் (டாடா ஏஸ் சிறு சரக்கு வண்டி) ஏத்தன் வாழைக்குலை ஏற்றி வடசேரி சந்தைக்குப் போகிறேன். இடம் போதாததால் பின்கதவைத் திறந்துவிட்டு, கயிறு கட்டி அடுக்குவோம். ஏற்றத்தில் ஸ்டீரிங் பிடிப்பே இல்லாமல் லேசாகிவிடுகிறது. பாரத்தின் மையம் எங்கே என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. வே பிரிட்ஜும் (வண்டியை எடை போடும் மேடை) ஒரு டேப்பும் போதும்.

வெறும் வண்டியை முதலில் எடை போடுங்கள். முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒரு எடை, பின்சக்கரங்கள் மட்டும் நிற்க இன்னொன்று. குலை ஏற்றிய பிறகும் இதே மாதிரி. நான்கு முறையும் டிரைவர் சீட்டிலேயே இருக்க வேண்டும். வண்டி நியூட்ரலில், பிரேக் விட்டு நிற்க வேண்டும். மேடையும் வெளித்தரையும் ஒரே மட்டமாக இல்லாத இடத்தில் இந்தக் கணக்கு பொய்யாகும்.

உதாரணத்துக்கு, முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2.1 மீட்டர். வெறும் வண்டியில் முன்னே 480, பின்னே 360 கிலோ. பாரத்தோடு முன்னே 420, பின்னே 1,080. மொத்தம் 1,500. பள்ளிக்கூடத்தில் படித்த திருப்புத்திறன்தான்: 1,080-ஐ 2.1-ஆல் பெருக்கி 1,500-ஆல் வகுத்தால் 1.51. முன்சக்கரத்திலிருந்து அத்தனை மீட்டரில் மொத்த நிறை மையம்.

குலைகளின் மையம் மட்டும் வேண்டுமா? பின்னே கூடியது 720 கிலோ, ஏற்றிய பாரம் 660. 720-ஐ 2.1-ஆல் பெருக்கி 660-ஆல் வகுத்தால் 2.29 மீட்டர். அதாவது பின்சக்கரத்துக்கும் 19 சென்டிமீட்டர் பின்னால்! இதற்குக் கணக்குகூடத் தேவையில்லை. பாரம் ஏற்றியபின் முன்சக்கர எடை 480-லிருந்து 420-ஆகக் குறைந்தாலே, பாரம் பின்சக்கரத்தைத் தாண்டி உட்கார்ந்து முன்பக்கத்தைத் தூக்குகிறது என்று அர்த்தம். பத்து கிலோ வித்தியாசத்தை மட்டும் பெரிதாக எடுக்க வேண்டாம். மேடையின் பிழையே அவ்வளவு இருக்கலாம்.

ஏற்றத்தில் ஏன் மோசமாகிறது? மொத்த நிறை மையம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் எடையின் செங்குத்துக்கோடு 8 சென்டிமீட்டர் பின்னால் நகரும். முன்சக்கரம் இன்னும் 57 கிலோ அளவுக்கு இழக்கும். குலையை உயர அடுக்க அடுக்க இது கூடும், வளைவில் கவிழும் அபாயமும் கூடும்.

ஆகவே பெரிய குலைகளைக் கேபினை ஒட்டி, அடியில் அடுக்குங்கள். சின்னதும் மட்டி என்ற சிறு வாழையின் குலையும் பின்னால் போகட்டும். குலைகளின் மையம் 30 சென்டிமீட்டர் முன்னே வந்தாலே முன்சக்கரத்துக்கு 94 கிலோ திரும்பக் கிடைக்கும். பின்கதவைத் திறந்து நீட்டும் வேலையை விடுங்கள். பாடிக்கு வெளியே பாரம் நீண்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவில் அபராதம் 20,000 ரூபாய். அதற்கு இன்னொரு நடை போய்வருவதே லாபம்.