ஆர்.வி. வண்டியின் கூரை ஏசியை பேட்டரி இன்வெர்ட்டரில் ஓட்ட முடியுமா?

முடியும். எவ்வளவு நேரம் என்பதுதான் விஷயம்.

ஆர்.வி. என்பது படுக்கை, சமையலறையோடு அமெரிக்காவில் ஊர் சுற்றும் வீட்டு வண்டி. அதன் பேட்டரி தருவது 12 வோல்ட் நேர்மின்சாரம். கூரை ஏசிக்கு வேண்டியது 120 வோல்ட் மாறுமின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதே இன்வெர்ட்டர்.

13,500 பிடியூ (குளிரூட்டும் திறனின் அலகு) ஏசி ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுக்கும். 12 வோல்ட்டில் அது 125 ஆம்பியர்! இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 140-ஐ நெருங்கும். கம்ப்ரசர் நிற்காமல் ஓடினால், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி முக்கால் மணி நேரத்தில் காலி. இரவு முழுக்க என்றால் இப்படிப் பல பேட்டரிகள் வேண்டும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் அதன் ஆயுளே குறையும். அதனால் இதற்கு லித்தியத்தைத்தான் சொல்வேன்.

சரி, ஏசியைப் போட்டதும் இன்வெர்ட்டர் அணைந்துவிடுகிறதே, ஏன்? நின்ற காரைத் தள்ளிப் பாருங்கள். உருளத் தொடங்கும் வரைதான் மூச்சு முட்டும். கம்ப்ரசரும் கிளம்பும் கணத்தில் பல மடங்கு மின்சாரம் கேட்கும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சிறு கருவி அந்த உதைப்பைத் தணிக்கும். முதலில் அதைப் பொருத்துங்கள்.

பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் ஏசி அதிக நேரம் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் குழாய், தண்ணீர் இருப்பது பேட்டரி என்ற தொட்டியில்தான்.