ஏன் என்று கேட்பது அவிசுவாசமா?

அன்புள்ள ஐயா,

வேதாகமத்தின் சங்கீதங்கள் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளை வாசித்து வருகிறேன். சென்ற ஆண்டு என் தம்பி ஒரு விபத்தில் இறந்துபோனான். ஆறுதல் சொல்ல வந்த சபையார் பலரும் “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்ற வசனத்தையே சொன்னார்கள். ஏன் இப்படி நடந்தது என்று நான் வாய்விட்டுக் கேட்டபோது, அது அவிசுவாசம் என்று கண்டித்தார்கள். எபிரேய மரபில் தேவனிடம் முறையிடுவதும் ஜெபம்தான் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் போதகரிடம் காட்டினேன். “புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. பழையது வெறும் நிழல். கிறிஸ்தவனுக்கு எபிரேயம் எதற்கு?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையிலேயே எதற்கு? என்னைப் போன்றவர்கள் எபிரேயம் படிக்க வேண்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பியின் மரணத்துக்காக மிகவும் வருந்துகிறேன். அந்த வேளையில் உங்கள் வாயை அடைத்தவர்கள்மேல் எனக்குக் கோபமும் வருகிறது. வேதத்தின் பெயரால் அவர்கள் செய்த காரியத்துக்கு வேதத்தில் ஆதரவில்லை.

புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது உண்மை. ஆனால் அது காட்டும் மனிதர்கள் ஜெபிக்கக் கற்றுக்கொண்டது சங்கீதங்களிலிருந்து. மாற்கு எழுதிய சிலுவைக் காட்சியைப் பாருங்கள். சேவகர் சீட்டுப்போட்டு உடைகளைப் பங்கிடுகிறார்கள். வழிப்போக்கர் தலையை அசைத்து ஏளனம் செய்கிறார்கள். இயேசு “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று கதறுகிறார். மூன்றும் 22ஆம் சங்கீதத்தில் இருப்பவை. கிரேக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த மாற்கு, அந்தக் கதறலை முதலில் இயேசு பேசிய அரமேய மொழியின் ஒலியிலேயே எழுதிவிட்டுப் பிறகுதான் பொருள் சொல்கிறார். சாகும் நேரத்தில் இயேசுவின் வாயில் வந்தது ஒரு புலம்பல் சங்கீதத்தின் முதல் வரி; அதுவும் ஒரு “ஏன்”. அதை அவிசுவாசம் என்று சொல்லத் துணிபவர் யார்?

அந்தச் சங்கீதம் துதியில் முடிகிறது, ஆகவே இயேசுவின் மனதில் இருந்ததும் துதிதான் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. துதி வருகிறதுதான். ஆனால் இருபது வசனங்களுக்கு மேல் கதறி முடித்த பிறகே வருகிறது. அந்த இடத்துக்குக் குறுக்கு வழி இல்லை.

உங்களிடம் சொல்லப்பட்ட வசனம் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது. அதே பவுல் ரோமர் 8ஆம் அதிகாரத்தில் சிருஷ்டி முழுவதும் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்கிறார். சற்றுத் தள்ளி, “உமது நிமித்தம் எந்நேரமும் கொல்லப்படுகிறோம்” என்ற வரியை எடுத்தாளுகிறார். அது 44ஆம் சங்கீதம். அங்கே அதற்கு அடுத்த வசனம் என்ன தெரியுமா? “ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?” பரிசேயனாக வளர்ந்த பவுலுக்கு அந்த அடுத்த வரி தெரியாமல் இருந்திருக்காது.

எபிரேய வேதம் இதற்குக் கொடுக்கும் இடம் சிறியதல்ல. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் புலம்பல்கள்தான். அவற்றில் பெரும்பாலானவை எங்கோ ஓரிடத்தில் நம்பிக்கையின் பக்கம் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் மட்டும் திரும்புவதே இல்லை, இருளிலேயே முடிகிறது. அதையும் தொகுத்தவர்கள் நீக்கவில்லை. எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர்களையும் நினைத்துப் பாருங்கள். ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். பிறகு விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள், எல்லாம் தேவனின் பக்கம் நின்று. முடிவில் தேவன் அவர்களிடம், “என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை” என்கிறார். தேவனோடு வழக்காடியவன் சரியாகப் பேசினான் என்று தீர்ப்பு. ஆறுதல் சொல்லப் போகிற ஒவ்வொருவரும் புறப்படும் முன் இந்த வசனத்தை வாசித்துவிட்டுப் போகலாம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. எபிரேய மொழியின் இலக்கணத்திலேயே ஏதோ தெய்வீக ரகசியம் இருப்பதுபோலப் பேசுபவர்கள் இன்று பெருகிவிட்டார்கள். எபிரேய மனம் ஒருவகை, கிரேக்க மனம் வேறுவகை என்று கோடு கிழிப்பதும் பழைய வழக்கம். 1961இல் ஜேம்ஸ் பார் என்ற வேத அறிஞர் இதைக் கடுமையாக விமரிசித்தார். ஒரு மொழியின் சொல்லமைப்பிலிருந்து அதைப் பேசுவோரின் இறையியலை வருவிக்க முடியாது என்று காட்டினார். நான் அவர் பக்கம்தான். கிரேக்கரும் அழுதார்கள், அவர்களுடைய துன்பியல் நாடகங்களே சாட்சி. நமக்கு எபிரேயரிடமிருந்து வந்திருப்பது தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய ஒரு ஜெபப் பழக்கம். தேவன் உடன்படிக்கை செய்திருக்கிறார், ஆகவே அவரிடம் நியாயம் கேட்கலாம் என்பது அதன் அடிப்படை. அழிவுக்குக் குறிக்கப்பட்ட சோதோம் நகருக்காக ஐம்பதில் தொடங்கிப் பத்து நீதிமான்கள்வரை பேரம் பேசிய ஆபிரகாம் அந்த உரிமையில்தான் பேசினார்.

ஆகவே நீங்கள் எபிரேயம் படித்தே ஆக வேண்டும் என்பதில்லை. படித்தால் மகிழ்ச்சி, சில அழகுகள் மூலத்தில்தான் தெரியும். எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்ததைப் பாடும் புலம்பல் ஆகமத்தின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரேயத்தின் 22 எழுத்துகளை வரிசையாகத் தொடக்கமாகக் கொண்டவை. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனம், ஆக 66. ஐந்தாம் அதிகாரத்தில் வசனங்கள் 22தான், ஆனால் எழுத்து வரிசை போய்விடுகிறது. அழுது அழுது கவிஞனுக்கு ஒழுங்குகூடக் கைநழுவிவிட்டது என்றே நான் வாசிக்கிறேன். தமிழில் இது தெரியாது. ஆனால் துயரம் தெரியும். தேவனின் இரக்கங்கள் “காலைதோறும் புதியவைகள்” என்று நம் சபைகளில் விரும்பிச் சொல்லும் வசனம் இந்த ஆகமத்தின் நடுவில், இடிபாடுகளுக்கிடையில் இருக்கிறது. அதை மட்டும் பிடுங்கி எடுத்து நாட்காட்டியில் அச்சடித்துவிட்டு, மற்றதை வாசிக்காமல் விடுகிறோம். யூதர்களோ ஆண்டுதோறும் எருசலேம் ஆலயத்தின் அழிவை நினைவுகூரும் ஆபு மாதம் ஒன்பதாம் நாள் தரையில் அமர்ந்து முழுவதையும் வாசிக்கிறார்கள். ஆகமத்தின் கடைசி வசனம் தேவகோபத்தில் முடிவதால், அதற்கு முந்திய வசனத்தை மறுபடி சொல்லி நிறைவு செய்கிறார்கள். ஆனாலும் அந்தக் கடைசி வசனத்தை விட்டுவிடுவதில்லை.

உங்கள் போதகரிடம் வெளிப்படுத்தின விசேஷம் 6ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். அது புதிய ஏற்பாடுதானே. கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து “எதுவரைக்கும்” என்று தேவனிடம் கேட்கின்றன. அவர்களை யாரும் கண்டிக்கவில்லை. வெள்ளை அங்கி கொடுக்கப்படுகிறது.

நீங்கள் 13ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். ஆறே வசனங்கள். முதல் இரண்டில் மட்டும் நான்கு முறை “எதுவரைக்கும்” வருகிறது. தம்பியை நினைத்துக்கொண்டு சத்தமாகவே வாசியுங்கள். ஐந்தாம், ஆறாம் வசனங்கள் நம்பிக்கையையும் பாட்டையும் பேசுகின்றன. இப்போது அவை வாயில் வரவில்லை என்றால் நான்காம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 88ஆம் சங்கீதத்தை எழுதியவரும் அப்படித்தான் நிறுத்தினார்.